சோப்பு அதேதான், தோல்தான் வேறு: மாதவிடாய் நிற்கும் பருவத்துத் தோல் தொல்லைகளுக்கு ஒரு வழிமுறை

பற்பசைக் குழாயைக் கடைசிச் சொட்டு வரை சுருட்டிப் பிதுக்குவோமே, அப்படிச் சுருட்டிய ஒரு களிம்புக் குழாயைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "இதிலே இன்னும் ஒன்று தா மக்களே" என்றார் அந்த அக்கா. குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் நான் மருந்துக் கடை நடத்தத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. குழாயை எடுப்பதற்கு முன்பே முகத்தைப் பார்த்துவிட்டேன். இரண்டு கன்னமும் சிவந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. நெற்றியில் மங்கு அப்படியே இருந்தது.

"எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள், அக்கா?"

"ஓணத்துக்கு முன்பே தொடங்கியது."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மாசி மாதம்.

அவருக்கு 51 வயது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. இருபது ஆண்டுகளாக ஒரே சோப்பு, ஒரே எண்ணெய், ஒரே மஞ்சள். அப்போதெல்லாம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் செய்கிறது என்பது அவருடைய கேள்வி. எனக்கும் 47 ஆகிறது. என் முழங்கால் அரிப்பிடம் நானும் அதையேதான் கேட்டேன். பழைய பழக்கங்களைத் தாங்கிக்கொண்டிருந்த தோல் இப்போது இல்லை என்பதே விடை. ஆகவே புதிதாக எதையும் வாங்கும் முன்பு, எதை நிறுத்துவது என்று பார்ப்பது என் வழக்கம். கீழே உள்ளதும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில், இது அந்தப் பருவம்தானா?

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளை மருத்துவர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த தேதி 7 நாளோ அதற்கு மேலோ முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினால் அதன் வாசலில் நிற்கிறீர்கள். இடைவெளி 60 நாளைத் தொட்டால் கடைசிப் பகுதிக்கு வந்தாயிற்று. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இதை உறுதிசெய்ய ஹார்மோன் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்த ஆண்டுகளில் ஊஞ்சல் ஆடுகிறது. இன்று வந்த எண்ணுக்கும் அடுத்த வாரத்து எண்ணுக்கும் உறவே இருக்காது. 40 வயதுக்கு முன்பே தேதி தடுமாறினால் மட்டும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தோல் நீரைப் பிடித்து வைப்பதற்கும், எண்ணெய் சுரப்பதற்கும், கொலாஜன் என்ற இழையை நெய்வதற்கும் ஈஸ்ட்ரோஜன் கைகொடுக்கிறது. அது குறையும்போது ஆன்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன் அதே வேகத்தில் குறைவதில்லை. அதன் கை ஓங்குகிறது. ஒரே முகத்தில் கன்னம் வறண்டும் தாடை பருவோடும் இருப்பது இதனால்தான். இரண்டுக்கும் ஒரே களிம்பு கேட்டால் கிடைக்காது.

எந்த அறிகுறியானாலும் முதலில் 14 நாள் பத்தியம்

முகத்துக்குப் போடும் பொடி, பூச்சு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைத் தேய்ப்பு, மணம் சேர்த்த களிம்பு, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரீம், எல்லாம் 14 நாள் அலமாரியில் இருக்கட்டும். காலையில் வெறும் தண்ணீர். இரவில் நுரை குறைந்த, மணமற்ற கழுவும் திரவம். பிறகு மணமற்ற ஈரப்பதக் களிம்பு ஒன்று. பகலில் சன்ஸ்கிரீன். இவ்வளவுதான். பாதித் தொல்லை இதிலேயே அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடங்காத பாதி எது என்று தெளிவாகத் தெரிவது இன்னும் பெரிய லாபம்.

இரண்டு விலக்குகள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை என் பேச்சைக் கேட்டு நிறுத்தக் கூடாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு களிம்பு பூசியவர்களும் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் பழிவாங்கும்: சிவந்து, எரிந்து, கொப்புளமாகப் பொங்கும். அவர்கள் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

குழாயில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பெரிய எழுத்துப் பெயரை விடுங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பேரப்பிள்ளையையாவது வைத்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளுசினலோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அதுதான்.

தோல் வறண்டு அரிக்கிறது

கடலும் மழையும் சூழ்ந்த மாவட்டத்தில் தோல் எப்படி வறளும் என்று கேட்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். குலசேகரம், திற்பரப்புப் பக்கத்து ஈரத்தில் வளர்ந்து தோவாளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள், முப்பது வயதில் உணராத அந்தக் காற்றை 46 வயதில் கணுக்காலில் உணர்கிறார்கள். கடலோர ஊர்களில் வேறு கதை. கிணற்று நீர் கடினமானது, சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் நாலு தேய்ப்பு தேய்ப்போம். அந்த நீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து ஒரு பிசுக்காகத் தோலில் தங்கிவிடும்.

அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். எண் சோப்புக் கட்டியில் 9, 10 வரை போகும். நல்ல தோல் லேசான அமிலம், ஏறத்தாழ 5. இளவயதில் தோல் இந்த வித்தியாசத்தைச் சீக்கிரம் சரிசெய்துகொள்ளும். இப்போது தாமதமாகிறது. எனவே சோப்பை அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். கையும் காலும் முதுகும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவும் அளவுக்கு அழுக்காவதில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் அரிப்பைச் சொறிந்துவிட்ட மாதிரி இதமாக இருக்கும். அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வரும். இளஞ்சூடு போதும், 5 முதல் 10 நிமிடம் போதும்.

துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், களிம்பைப் பூசிவிட வேண்டும். எல்லாம் காய்ந்து, சேலை கட்டி, சாயா குடித்த பிறகு பூசினால் பூட்டுவதற்கு உள்ளே ஈரமே இருக்காது. கிளிசரின், செராமைடு உள்ள களிம்பு உடம்புக்கு நல்லது. முழங்கால், குதிகாலுக்கு 10 சதவீத யூரியா களிம்பு; வெடிப்பு ஆழமாக இருந்தால் அது எரியும், அங்கே வாசலின் போதும்.

நம் ஊர் தேங்காயெண்ணெய்? உடம்புக்குத் தாராளமாகப் பூசலாம். ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும். குளிக்கும் முன்பு தேய்த்துச் சோப்புப் போட்டு வழித்தெடுப்பதுதான் நம் வழக்கம். குளித்த பிறகு ஈரத்தோலில் சில சொட்டுத் தடவிப் பாருங்கள், அதே எண்ணெய் வேறு மருந்தாகத் தெரியும். முகத்துக்கு மட்டும் வேண்டாம். பரு வரும் முகத்தில் அது துவாரத்தை அடைக்கும்.

பதினைந்து நாளில் குறையவில்லையென்றால் ஹார்மோனை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேட வேண்டும். இரவில் மட்டும் அரிப்பு, விரல் இடுக்கில் பொடிப் பருக்கள், வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார்: சிரங்குப் பூச்சி. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாள் இரவில் கழுத்து முதல் பாதம் வரை 5 சதவீத பெர்மெத்ரின் பூசி, ஒரு வாரம் கழித்து மறுமுறையும் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் களிம்புக் காசு வீண். ஓரம் தடித்த வட்டம்: படர்தாமரை. வறட்சியோடு எடை கூடி, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் சோர்வும் இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை, தைராய்டுக் குறைவு இந்த வயதில் பெரிமெனோபாஸ் வேடம் போட்டுக்கொண்டு வரும். தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

எறும்பு ஊர்கிறது என்று கையைத் தட்டிப் பார்க்கிறீர்கள், எறும்பே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். இந்தப் பருவத்தில் சிலருக்கு வரும் நரம்பு உணர்வு அது. மனநோய் இல்லை. யாரிடமும் சொல்லாமல் படுக்கை விரிப்பைத் தினமும் உதறிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கன்னத்திலும் நெற்றியிலும் கருமை

எங்கள் கடையில் அதிகம் பணம் வீணாவது இங்கேதான். கன்னம், நெற்றி, மேலுதட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுப்புத் திட்டு என்றால் அது மங்கு. ஹார்மோன் ஏற்ற இறக்கம் திரியைத் தூண்டுகிறது. எண்ணெய் ஊற்றுவது வெயில். குமரி மாவட்டம் 8 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. மழைமேகம் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. குளச்சல், முட்டம் மணலில் மீன் விற்பவர்களுக்கு மேலிருந்து ஒரு வெயில், தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் வெயில் இன்னொன்று.

அதனால் முதல் மருந்து நம் பாட்டிகள் விடாமல் கொண்டுபோன கறுப்புக் குடைதான். இரண்டாவது சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீள நிறைய இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். பட்டாணி அளவு தொட்டு வைத்துவிட்டு, சன்ஸ்கிரீன் போட்டும் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் பகை. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறம் உள்ள சன்ஸ்கிரீன் அதைத் தடுக்கும். வெள்ளை நிறத்தது அவ்வளவாகத் தடுக்காது. அடுப்புச் சூடும் சிலருக்கு மங்கைக் கூட்டும். விறகடுப்பில் மரச்சீனிக் கிழங்கு அவிப்பவர்கள் முகத்தை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இவற்றோடு 10 முதல் 20 சதவீத அசெலாயிக் அமிலக் களிம்பு, அல்லது நியாசினமைடு, மூன்று மாதம். அதற்குள் கண்ணாடியை விசாரிக்காதீர்கள். நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கணக்கில் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். லேசர் என்றால் அவசரமே வேண்டாம். நம் நிறத் தோலில் மங்கு அதனால் இன்னும் கறுத்து வந்த கதைகள் உண்டு.

இப்போது அந்தச் சுருட்டிய குழாய். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு, மூன்றும் கலந்தது. முதல் பத்து நாள் முகம் பளிச்சென்று ஆகும், அக்கம்பக்கம் பெயர் கேட்கும், ஒரு குழாய் நாலு வீட்டுக்குப் பரவும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, வெயில் பட்டாலே எரியும். இந்த அவலத்துக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பு கேட்டவர்களுக்கெல்லாம் நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் உரிமை எனக்கு அந்தக் குற்றத்திலிருந்துதான் வருகிறது.

பெயர் முகவரி இல்லாத வெளுப்புக் கிரீம் இன்னும் மோசம். 2023ல் பக்கத்து மாநிலத்து மலப்புறத்தில், அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதும், கிரீமில் பாதரசம் இருந்ததும் செய்தியாயின. அந்தப் பெட்டிகள் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்ட பாஸ்போர்ட் வேண்டியதில்லை.

எல்லாக் கருமையும் மங்கு இல்லை. நெற்றி ஓரம், காதோரம், கழுத்தில் சாம்பல் கலந்த கருமையும் லேசான அரிப்பும் என்றால் தலைச்சாயத்தைச் சந்தேகியுங்கள். நரைக்க நரைக்கச் சாயம் போடும் இடைவெளி குறைகிறது, அதிலுள்ள பி.பி.டி. என்ற சாய வேதிப்பொருள் பல ஆண்டு பொறுத்த தோலையும் ஒருநாள் கிளப்பிவிடும். 'இயற்கை' என்று எழுதிய கறுப்பு மருதாணிப் பொடியிலும் அது இருக்கலாம். புருவ நடுவில் மட்டும் வெள்ளையாக நிறம் போனால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. கொஞ்ச நாள் நெற்றியை வெறுமையாக விடுவதற்கு வீட்டில் யார் என்ன சொன்னாலும் விடுங்கள்.

கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்து, சிறு மருக்களும் தொங்கினால் அது அழுக்கும் இல்லை, மங்கும் இல்லை. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காமல் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போங்கள்.

தாடையில் பரு, மோவாயில் முடி

வாலிபத்துப் பரு நெற்றியில் வரும். இது தாடை ஓரத்தில், ஆழத்தில், வலியோடு வரும், போனாலும் கறுப்பு வைத்துவிட்டுப் போகும். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடை வைத்துத் தொடங்கலாம். தலையணை உறையை அது வெளுத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உறையோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அடபலீன் 0.1 சதவீத ஜெல் இன்னும் நல்லது: இரவில், காய்ந்த முகத்தில், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவு. தோல் தாங்கினால் கூட்டலாம்.

ஆனால் மாதவிடாய் தாறுமாறாக வருகிறது என்பதற்குக் கரு தங்காது என்று பொருள் இல்லை. 12 மாதம் முழுதாக நிற்கும் வரை கர்ப்பம் சாத்தியம்தான். கர்ப்பத்தில் அடபலீனும் அதே இனத்து ரெட்டினாலும் ஆகாது. மருமகள் பிள்ளை பெறும் வயதில் இதைக் கேட்பதா என்று கூச்சப்படுகிறவர்களிடமும் நான் கேட்டுவிட்டுத்தான் ஜெல்லை எடுத்துக் கொடுக்கிறேன்.

உச்சந்தலையில் எண்ணெய் வழிய வைத்துப் படுத்தால் நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாகப் பரு வரும். எண்ணெயை இரவில் வைக்காமல் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள்.

மோவாயில் நாலைந்து தடித்த முடி இந்த வயதில் இயல்பு. நூல் போட்டு எடுங்கள், கத்தரியுங்கள், மழித்தாலும் தடித்து வளராது, அது பழங்கதை. மாதங்களுக்குள் முகம் முழுக்க முடி, குரல் கட்டை என்று மாறினால் மட்டும் மருத்துவரிடம் உடனே.

திடீர்ச் சூடு, வியர்வை, மடிப்பில் புண்

மார்பிலிருந்து கழுத்து, முகம் என்று ஒரு சூடு ஏறி, சில நிமிடம் நின்று, வியர்த்து இறங்குவதுதான் இந்தப் பருவத்தின் அடையாளம். சூடான சாயா, மிளகுக் காரம், மூடிய அறை இவை பலருக்குத் தூண்டுகோல். எது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் தெரிந்துவிடும். தூக்கமே கெடும் அளவுக்குப் போனால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. சூடு இறங்கிய பிறகும் மூக்கும் கன்னமும் சிவந்தே இருந்து, சீழ் போன்ற பருக்களும் வந்தால் ரோசேசியா என்ற முகச் சிவப்பு நோய். பரு மருந்து அதைக் கிளறிவிடும். இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சல், இருமல், எடை குறைவு இருந்தால் மெனோபாஸ் என்று உட்கார்ந்திருக்காமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மார்புக்கு அடியிலும் அரையிலும் ஈரம் தங்கி, சிவந்து, அரிப்பது இங்கே மழைக்காலத்து வழக்கம். நமக்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். குளித்ததும் மடிப்பைத் துணியால் ஒற்றி, விசிறிக் காற்றில் காயவிட்டுப் பிறகு உடுத்துங்கள். பருத்தி உள்ளாடை, முழுக்கக் காய்ந்தது. தனி குளோட்ரிமசோல் களிம்பு, காலை மாலை, 2 முதல் 4 வாரம். மறைந்த பிறகும் ஒரு வாரம். 'தனி' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்த கலவைக் குழாய் இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். பூஞ்சையைப் பரப்பிவிட்டு, பிறகு எந்த மருந்துக்கும் அடங்காமல் செய்யும்.

கை வெடித்து எரிகிறது

இது எங்கள் மாவட்டத்துக்கென்றே எழுதுவது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் பெண்களின் விரலைப் பார்த்தாலே தொழில் தெரியும்: நுனி கறுத்து, ரேகை தேய்ந்து, நகத்தைச் சுற்றி உரிந்திருக்கும். முந்திரித் தோட்டுப் பாலில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைச் சுடும், ஒவ்வாமையும் ஏற்படுத்தும். சாம்பலையோ எண்ணெயையோ தடவிக்கொண்டு இருபது ஆண்டு சமாளித்தவர்களுக்கும், தோலின் கவசம் மெலியும் இந்த வயதில் கை சட்டென்று விட்டுவிடுகிறது. ரப்பர் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும், வீட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

பருத்திக் கையுறை உள்ளே, அதற்கு மேல் நைட்ரைல் கையுறை. ரப்பர் கையுறையே சிலருக்கு ஒவ்வாது. இரவில் வாசலினைத் தாராளமாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். என் கடைக்கு வரும் ஒரு சித்தி, தன் வீட்டுக்காரரின் கிண்டலுக்குப் பயந்து விளக்கை அணைத்த பிறகுதான் மாட்டிக்கொள்வாராம்; வெடிப்பு ஆறிவிட்டது.

வகிடு அகலமாகிறது

சீப்பில் கொத்தாக வருவதும் வகிடு அகலமாவதும் ஒன்றல்ல. கொத்தாகக் கொட்டினால் இரண்டு மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்: காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெரும் துயரம். இந்தப் பருவத்தில் இன்னொன்று சேரும், மாதவிடாய் வரும்போது கட்டி கட்டியாகப் போகும் உதிரம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இரும்பு இருப்பு குறைந்துவிட்டது. எந்த எண்ணெயும் அதை நிரப்பாது. உதிரப்போக்குக்கும் வைத்தியம் செய்ய வேண்டும்.

வகிடு மெல்ல அகன்றால் மினாக்சிடில். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்தாதீர்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் வந்தது போய்விடும். செம்பருத்தி இலையை அரைத்த தாளி மண்டைக்கு இதமானது, ஷாம்பூவைக் குறைக்க உதவும், அதோடு அதன் வேலை முடிந்தது. இதைச் சொன்னதற்காக என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சுருக்கம், தளர்ச்சி

மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போகிறது. பிறகு ஆண்டுக்கு 2 சதவீதம்போல. பூசும் கொலாஜன் உள்ளே இறங்காது, அந்த மூலக்கூறு பெரிது. குடிக்கும் கொலாஜன் பொடிக்குக் கொடுக்கும் விலைக்கு நெத்திலியும் முட்டையும் பயறும் ஒரு மாதம் வாங்கலாம். சன்ஸ்கிரீனும், இரவில் ரெட்டினாலும்தான் நிரூபணம் உள்ளவை. ஹார்மோன் மாத்திரையைத் தோலுக்காக மட்டும் யாரும் தொடங்க வேண்டியதில்லை.

சொல்லக் கூசும் இடம்

கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, "ஒரு அரிப்புக் களிம்பு" என்று மட்டும் சொல்வார்கள். பிறப்புறுப்பின் வறட்சி, எரிச்சல், உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று இவையெல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அங்கேயும் ஈஸ்ட்ரோஜன்தான் குறைகிறது. சோப்பு, கிருமிநாசினித் திரவம், மணக்கும் கழுவுநீர் மூன்றையும் நிறுத்துங்கள். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. தேங்காயெண்ணெய் வழவழப்புக்கு உதவும், ஆணுறையைக் கிழித்தும்விடும். மேலே சொன்ன கர்ப்ப விஷயத்தை நினைவில் வையுங்கள். தயிர் போன்ற வெள்ளைப்பாடு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். காகிதம் போல வெளுத்து, மெலிந்து, இரவெல்லாம் அரிக்கும் திட்டு இருந்தால் லைக்கன் ஸ்க்ளிரோசஸ். அது மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டியது, களிம்பு மாற்றி மாற்றிப் பூசுவதற்கில்லை. அங்கே மட்டும் வீரியமான ஸ்டீராய்டுதான் மருந்து; எழுதிக் கொடுத்தால் என் கட்டுரையை நினைத்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அந்த வாரமே மருத்துவமனை.

நாள் தள்ளக் கூடாதவை

ஒரு பக்கத்து முலைக்காம்பில் மட்டும் செதில், புண், ஈரம், பூசியும் ஆறவில்லை என்றால் அது தோல் நோய் இல்லாமல் மார்பகத்தின் உள் நோயாக இருக்கலாம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் புதிதாக வளரும் கறுப்பு. ஒரு மாதமாகியும் ஆறாத புண். தொட்டால், சுட்டால் உணர்வில்லாத வெளிர்ந்த தேமல். இது தொழுநோயாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச மருந்து உண்டு, குணமாகும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே போனாலும் தனி மருத்துவரிடம் போனாலும், கடைசி ஆறு மாதவிடாய் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே சன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில் எடுத்த படங்கள் இரண்டு. அப்புறம், முகத்தில் பட்ட எல்லாக் குழாயும் டப்பாவும் ஒரு பையில், காலியானவையும் சேர்த்து.

அந்த அக்காவிடமும் இதைத்தான் சொல்லி, களிம்பு தராமல் அனுப்பினேன். வேறு கடைக்குப் போவார் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் துணிக்கடைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் கவிழ்த்தார். மருத்துவரிடம் போகிற வழி, ஒருமுறை நீயும் பார்த்துவிடு என்றார். பதினொன்று இருந்தன. அடியில் கிடந்தது அவருடைய வீட்டுக்காரரின் படர்தாமரைக் களிம்பு. அதையும் ஒரு வாரம் முகத்தில் பூசியிருக்கிறார்.